தூக்குமேடையில் மூவர்: ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’ திரைப்படமும் கொல்லும் கையின் அறமும்

எஸ்.பி. ஜனநாதன் எழுதி இயக்கி 2015 மே 15 அன்று வெளிவந்த ‘புறம்போக்கு என்கிற பொதுவுடமை’, மரண தண்டனையைப் பற்றி வெளிப்படையாக வாதிடும் மிகச் சில தமிழ்த் திரைப்படங்களுள் ஒன்றாகும். தூக்குத் தண்டனை பெற்ற புரட்சியாளன் பாலு, அத்தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்ற அதிகாரி மெக்காலே, கயிற்றை மாட்டி விசையை இழுக்க வேண்டிய தொழிலாளி எமலிங்கம் ஆகிய மூவரைச் சுற்றி அதன் கதை அமைந்துள்ளது. ஆர்யா, ஷாம், விஜய் சேதுபதி ஆகியோர் முறையே இப்பாத்திரங்களை ஏற்றுள்ளனர். பாலுவை மீட்க முனையும் தோழி குயிலியாகக் கார்த்திகா நடித்துள்ளார்.

பாலுவின் பேச்சைப் படத்தின் கொள்கையாகவும், மெக்காலேயை அதன் எதிர்த்தரப்பாகவும், எமலிங்கத்தை இடையில் அகப்பட்டு அலைக்கழியும் ஒருவனாகவும் கொள்வது எளிது. இப்பகுப்பு பிழையுடையது என்பது இக்கட்டுரையின் கருத்து. புரட்சியாளன் தன் சாவை எதிர்கொள்ளும் முறையிலிருந்து மரண தண்டனைக்கு எதிரான வாதம் ஒன்றைப் பெற இயலாது. சில இடங்களில் அது மரண தண்டனைக்கு ஆதரவாகவே முடிகிறது. படத்தில் மரண தண்டனையை உண்மையில் மறுப்பவன் எமலிங்கம் ஒருவனே. அவனுடைய மறுப்பு எத்தகையது, அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

கணக்கில் வராதவை

முதலில் தலைப்பு. வருவாய்த்துறை வழக்கில் புறம்போக்கு என்பது தீர்வை விதிக்கப்படாத நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் தரை, மந்தைவெளி, வண்டிப்பாதை, சுடுகாடு எனப் பலருக்கும் பொதுவாய் விடப்பட்டவை அதில் அடங்கும். வரி தராத நிலம் ஆள்வோர் கணக்கில் பயனற்றதாகத் தோன்றவே, அச்சொல் பேச்சுவழக்கில் உதவாதவனைக் குறிக்கும் வசையாயிற்று. இவ்வசையை ஜனநாதன் பொதுவுடைமை என்ற சொல்லுக்குச் சமமாக வைக்கிறார். இருண்டு கிடக்கும் ஒரு நிலச்சொல்லை இவ்வாறு மீட்டெடுத்ததில் அவர் முந்திக்கொண்டார் எனலாம். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடலும் இதே சொல்லை இதே நோக்கில் எடுத்துக்கொண்டது.

பாத்திரப் பெயர்களும் தற்செயலானவை அல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837இல் உருவாக்கிய சட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1860இல் சட்டமான அத்தொகுப்பு 2024 ஜூலை 1 வரை நடப்பில் இருந்தது. படம் வெளியான ஆண்டில் அதிகாரியின் பெயர் வெறும் உருவகமாக இல்லை. அவன் நிறைவேற்றிய சட்டமே அப்பெயருக்குரியவரின் வழிவந்ததாக இருந்தது. குயிலி, வேலுநாச்சியாரின் படையைச் சார்ந்த வீரமங்கையாக மக்கள் மரபில் போற்றப்படுபவள். எமலிங்கத்தின் பெயரில் உயிர் பறிக்கும் தெய்வமும், மார்க்கண்டன் அவனிடமிருந்து தப்பப் பற்றிக்கொண்ட வடிவமும் ஒருங்கே நிற்கின்றன. இயக்குநர் இதைக் கருதியே பெயர் சூட்டினாரா என்பது வேறு. பெயர் அப்பாத்திரத்துக்கு மிகப் பொருந்துகிறது.

மேடையேறிய வீரர்கள்

தமிழ்த் திரையில் தூக்குமேடை நெடுங்காலம் வீரத்தின் மேடையாகவே இருந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதையை 1959இல் பி.ஆர். பந்துலு படமாக்கியபோது, சிவாஜி கணேசனின் குரலும் உடலுமே அக்காட்சியை நிறைத்தன. அங்கே கயிறு ஒரு மாலை போன்றது. அதைப் பிடித்திருந்தவன் யார், அன்றிரவு அவன் உறங்கினானா என்ற வினாவுக்கு அவ்வகைப் படத்தில் இடமில்லை. இருக்கத் தேவையும் இல்லை.

2004இல் வந்த கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ வேறு திசையில் சென்றது. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்கு வரும் ஒரு பெண்ணிடம் ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்கின்றனர். ஒருவர் கூற்று மற்றவர் கூற்றைக் கவிழ்க்கிறது. சாட்சியம் இவ்வளவு எளிதில் திரியுமானால் திருத்தவே முடியாத ஒரு தண்டனையை அதன்மேல் எழுப்பலாமா என்பது அப்படத்தின் வினா. வினா நீதிமன்றத்தைப் பற்றியது, மேடையைப் பற்றியதன்று.

மேடையில் நிற்கும் மூன்றாம் மனிதனை முதன்மைப்படுத்திய படம் அண்டை மொழியில் முன்பே வந்துவிட்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘நிழல்குத்து’ (2002), 1940களின் திருவிதாங்கூரில் தூக்கிலிடும் தொழில் செய்த காளியப்பனின் கதை. தன் கையால் இறந்தவன் குற்றமற்றவன் என்ற எண்ணம் அவனைக் குடிக்குள் தள்ளுகிறது. அரசனின் மன்னிப்பு ஆணை தூக்கு முடிந்தபின் வந்து சேருமாறு அனுப்பப்படும் செய்தியும் அப்படத்தில் உண்டு. மன்னித்த புண்ணியம் அரசனுக்கு, கொன்ற பாவம் கயிறு பிடித்தவனுக்கு என்று பாவக்கணக்கு பங்கிடப்படுகிறது. எமலிங்கம் காளியப்பனின் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காளியப்பனின் எதிரே நின்றவர்கள் வாயற்றவர்கள். எமலிங்கத்தின் எதிரே வருபவன் தன் சாவுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவன். ஜனநாதன் புதிதாகச் சேர்த்தது இச்சந்திப்பைத்தான்.

போர்க்கைதியின் வாதம்

பாலுவின் வார்ப்பில் பகத்சிங்கின் சாயல் விழுந்திருப்பது வெளிப்படை. 1931 மார்ச் 23 அன்று லாகூரில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டனர். அதற்குச் சில நாள் முன்பு அவர்கள் பஞ்சாப் ஆளுநருக்கு விடுத்த விண்ணப்பம் உலக வரலாற்றில் அரிய ஆவணம். அதில் அவர்கள் உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. அரசனுக்கு எதிராகப் போர் தொடுத்தவர்கள் என்று தீர்ப்பே கூறுவதால் தங்களைப் போர்க்கைதிகளாக நடத்த வேண்டும், தூக்கிலிடாமல் படைப்பிரிவைக் கொண்டு சுட்டுக்கொல்ல வேண்டும் என்று கோரினர். தந்தை தமக்காக நடுவர் மன்றத்துக்கு முறையீடு செய்ததை அறிந்து பகத்சிங் அவரைக் கடிந்து எழுதியதும் இதே உறுதியின் வெளிப்பாடு. தமிழகத்தில் இச்செய்தி உடனே வேரூன்றியது. 1931 மார்ச் 29இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் 1930களிலேயே தமிழாக்கினார். பாலு போன்ற ஒரு பாத்திரம் தமிழ்ப் பார்வையாளருக்கு அறிமுகமே தேவைப்படாமல் புரிவதற்கு இந்த மரபே காரணம்.

இவ்விண்ணப்பத்தின் மாண்பு மறுக்க முடியாதது. ஆனால் அதன் தருக்கத்தை வழிபாடின்றி நோக்கினால் ஒன்று புலப்படும். தூக்குக்குப் பதில் துப்பாக்கி கேட்பவர் கொல்லப்படுவதை மறுக்கவில்லை. குற்றவாளி என்ற பெயரை மறுக்கிறார். அரசுக்கும் தமக்கும் இடையே இருப்பது போர் என்கிறார். போரில் எதிரியைக் கொல்வது இருதரப்புக்கும் உரியது. எனவே அரசு தம்மைக் கொல்லும் உரிமையை அவர் ஒருவகையில் ஒப்புக்கொள்கிறார். மரண தண்டனை ஒழிப்பாளர் இந்த வாதத்தை எடுத்துக்கொள்ள இயலாது. குடிமகனை எந்நிலையிலும் பகைவனாகக் கருதலாகாது என்பதே ஒழிப்பு வாதத்தின் அடித்தளம் ஆதலின், இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

இவ்விடர்ப்பாடு கோட்பாட்டளவில் நின்றுவிடவில்லை. ஐரோப்பாவில் மரண தண்டனைக்கு எதிராக முதன்முதல் விரிவாக வாதிட்ட நூல் இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764இல் வெளியிட்டது. தன்னைக் கொல்லும் உரிமையை எந்த மனிதனும் பிறருக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டான், ஆகவே மரண தண்டனை உரிமையின்பாற்பட்டதன்று, ஒரு குடிமகன்மீது நாடு தொடுக்கும் போர் என்றார் அவர். அதே பெக்காரியா ஒரு விலக்கையும் வைத்தார். சிறையில் இருந்தபடியே நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கவும் ஆட்சியைப் புரட்டும் கிளர்ச்சியை மூட்டவும் வல்லவன் ஒருவன் இருப்பானாயின், அவன் சாவு தேவையாகலாம் என்றார்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவில் அவ்விலக்கு அப்படியே திரும்பி வந்தது. நீதிபதி அ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 ஆகஸ்ட் 31இல் அளித்த 262ஆம் அறிக்கை மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. பயங்கரவாதம் தொடர்பான குற்றங்களும் அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தலும் மட்டும் அப்பரிந்துரையிலிருந்து நீக்கப்பட்டன. படம் திரைக்கு வந்து மூன்றரை மாதம் கழிந்து வந்த அறிக்கை அது. பரிந்துரை முழுதும் ஏற்கப்பட்டிருந்தாலும் பாலுவின் கழுத்துக்கு அதனால் பயன் விளைந்திராது. களவுக்காகக் கொன்றவன், பகைக்காகக் கொன்றவன், குழந்தையைச் சிதைத்தவன் எல்லோரும் மேடையிலிருந்து இறங்கியபின் தனியே நிற்பவன் புரட்சியாளன் ஒருவனே. அவன் தானே சொல்லிக்கொண்ட பெயரால், போர் என்ற சொல்லால், அங்கு நிறுத்தப்படுகிறான்.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். மாக்சிமிலியன் ரோபஸ்பியர் 1791 மே மாதத்தில் பிரெஞ்சு அவையில் மரண தண்டனையை ஒழிக்குமாறு வாதிட்டவர். 1792 டிசம்பரில் பதினாறாம் லூயி சாகவேண்டும் என்று அதே குரலில் கோரினார். அரசன் குடிமகனல்லன், பகைவன் என்பது அவர் சொன்ன காரணம். ரஷ்யாவில் 1917 அக்டோபர்ப் புரட்சியின்போது கூடிய சோவியத்துகளின் இரண்டாம் பேராயம் போர்முனையில் மரண தண்டனையை ஒழித்தது. 1918இல் அது மீண்டு வந்தது. புரட்சியாளர் ஆட்சியாளராகும்போது பழைய அரசு தங்களுக்குச் செய்த விலக்கைத் தாங்களும் பிறருக்குச் செய்கின்றனர். மார்க்சோ 1853இல் ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ இதழில் எழுதிய கட்டுரையில், தன்னைக் காத்துக்கொள்ளத் தூக்கிலிடுபவனை விட்டால் வேறு கருவி அறியாத சமுதாயம் எத்தகைய சமுதாயம் என்ற பொருள்பட வினவியிருந்தார். அவர் பெயரால் அமைந்த அரசுகள் அவ்வினாவை நெடுநாள் ஒதுக்கிவைத்தன.

ஆகவே, பாலு நல்லவன், அவன் சாவு அநீதி என்று பார்வையாளர் உணர்வது மரண தண்டனையைப் பற்றிய முடிவன்று. அது பாலுவைப் பற்றிய முடிவு. நாயகனுக்காகக் கண்ணீர் விடும் அரங்கு, வில்லன் ஒருவன் அதே கயிற்றில் தொங்கினால் கைதட்டவும் கூடும். தமிழ்த் திரைப்படங்களின் இறுதிக்காட்சிகளை நினைவில் கொண்டவர்க்கு இதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை.

மெக்காலேயின் தூய கை

மெக்காலேயைக் கொடியவனாக்காமல் விட்டது இயக்குநரின் நல்ல முடிவு. அவன் சட்டத்தை நம்புகிறான். பாலுவின் அறிவையும் மதிக்கிறான். தான் சட்டத்தை நிறைவேற்றுகிறானே தவிரக் கொல்லவில்லை என்பது அவன் நிலை.

இந்நிலைக்குத் தமிழில் மிகப் பழைய ஆதரவு உண்டு. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்து இறுதிக் குறள் (550), கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. அதன் முதற்சொல்லை எவ்வாறு கொள்வது என்பதில் உரைகள் பிரிகின்றன. பரிமேலழகர் அதைக் கருவிப் பொருளாகக் கொண்டு, கொலையால் ஒறுத்தல் என்று உரைத்தார். கொலை முதலியவற்றில் கொடியரானவரை ஒறுத்தல் என்று கொள்வோர் மறுசாரார், கலைஞர் மு. கருணாநிதியின் உரை இவ்வழியது. முதல் உரையின்படி குறள் மரண தண்டனைக்கு இசைவு தருகிறது. இரண்டாவதன்படி தண்டனை எதுவென்று குறள் கூறவில்லை. ஓர் உருபின் பொருளில் உயிர் ஊசலாடும் இடம் இது. உரையாசிரியர் காலத்து அரசியல் நடைமுறை பரிமேலழகரின் தேர்வுக்குத் துணைநின்றிருக்கலாம்.

எவ்வுரையைக் கொண்டாலும் உவமையில் உள்ள ஒரு கூறு மாறுவதில்லை. களை எடுப்பவன் உழவன். வேந்தனை உழவனாக்கும் உவமை, களையைப் பறிக்கும் கையும் வேந்தனுடையதே என்று காட்டுகிறது. நடப்பில் எந்த வேந்தனும் தன் கையால் களை எடுத்ததில்லை. கூலிக்கு வந்த ஒருவன் எடுத்தான். அவன் உவமைக்குள் இல்லை.

இக்காலத் தண்டனை முறையில் இப்பிரிவு மேலும் விரிந்துள்ளது. 1955க்கு முன் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையே இயல்பாக இருந்தது. குறைந்த தண்டனை அளிக்க நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கி, மரண தண்டனைக்கே சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரிதினும் அரிதான வழக்குகளுக்கு அதனைச் சுருக்கியது. உயர் நீதிமன்றம் உறுதி செய்கிறது, உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்கிறது, ஆளுநரும் குடியரசுத் தலைவரும் கருணை மனுவை ஆய்கின்றனர். 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கின் தீர்ப்பு, கருணை மனு தள்ளுபடிக்கும் தூக்குக்கும் இடையே பதினான்கு நாள் இடைவெளி வேண்டும் என்றும் பிணக்கூறாய்வு கட்டாயம் என்றும் விதித்தது. ஒவ்வொன்றும் பிழையைத் தடுக்க எழுப்பிய அரண்தான். அரண்கள் கூடக் கூட, முடிவைச் செய்தவர் இன்னார் என்று சுட்ட முடியாமல் போகிறது என்பதும் உண்மை. நீதிபதி சட்டத்தைக் காட்டுவார். மேல்முறையீட்டு நீதிபதி விசாரணை மன்றம் கண்ட உண்மைகளைக் காட்டுவார். கருணை மனுவை ஆய்பவர் அமைச்சரவையின் அறிவுரையைக் காட்டுவார். மெக்காலே ஆணையைக் காட்டுவான். மரண தண்டனை எழுதிய பேனாவின் முனையை நீதிபதி முறித்துவிடும் வழக்கம் இங்கு எண்ணத்தக்கது. எழுதிய கை தன்னை எழுத்திலிருந்து விலக்கிக்கொள்ளும் சடங்கு அது. கருவி மீது பழி போட்டுவிட்டு எழுந்து போக நீதிபதிக்கு வழி இருக்கிறது.

பகத்சிங் கேட்ட துப்பாக்கிப் படையிலும் இதே உத்தி இருப்பது ஒரு முரண். பல நாடுகளில் சுடும் குழுவின் துப்பாக்கிகளுள் ஒன்றில் வெற்றுத் தோட்டா இடும் வழக்கம் இருந்தது. தன் குண்டு கொல்லவில்லை என்று ஒவ்வொருவனும் எண்ணிக்கொள்ளலாம். தூக்குக்கயிற்றில் அந்த வசதி இல்லை. விசை ஒன்று, கை ஒன்று.

எமலிங்கம்

எமலிங்கம் குடிகாரன். முன்பு அவன் தூக்கிலிட்ட ஒருவன் குற்றமற்றவன் என்று தெரியவந்ததிலிருந்து அவன் தெளிந்த மனிதனாக வாழவில்லை. தூக்கிலிட வேறு கை எளிதில் கிடைக்காத நிலையில் அதிகாரி அவனைத் தேடி வருகிறான். அவன் முரண்டு பிடிக்கிறான். புரட்சியாளரும் அவனையே நாடி வருகின்றனர். சட்டம், புரட்சி ஆகிய இரண்டு பெருஞ்சொற்களும் எழுத்தறிவு அதிகமில்லாத ஒரு குடிகாரனின் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை படத்தின் மிகக் கூர்மையான அமைப்பு.

தமிழ் இலக்கியத்தில் இவனுக்கு ஒரு முன்னோன் உண்டு. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், ஆராயாது ஆணையிட்ட பாண்டியனின் ஏவலர் கோவலனை நேரில் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கள்வனைப் போலத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவர்தம் தயக்கத்தைக் கலைக்க முயல்கிறான். பேச்சு முடிவதற்குள், கல்வியற்ற, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். உண்மைக்கு மிக அருகில் இருந்தவர்கள் தீர்ப்பளித்த அரசன் அல்லன், கொல்ல அனுப்பப்பட்டவர்களே என்பதை இளங்கோ காட்டிவிடுகிறார். முகத்தைப் பார்க்கும் தொலைவில் நிற்பவனுக்கு ஐயம் எழுகிறது. ஐயம் எழாதவாறு காப்பது கள்.

வெட்டியவனைக் காப்பியம் அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழை வெளிப்பட்டதும் பழி முழுவதையும் நெடுஞ்செழியன் ஏற்று அரியணையில் உயிர்விடுகிறான். பின்னர்ப் பொற்கொல்லர் ஆயிரவர் பலியிடப்பட்ட செய்தியும் நூலில் வருகிறது. தவறான ஒரு கொலையைச் சரிசெய்ய ஆயிரம் கொலை. அந்த ஆயிரவரைக் கொன்ற கைகளைப் பற்றியும் பேச்சில்லை. சிலம்பு தரும் அரசியல் அறம் ஆள்பவனின் பொறுப்பைப் பற்றியது. அவ்வகையில் அது இன்றைய பங்கிட்ட பொறுப்பைவிட மேலானது என்று கூறவேண்டும். ஆணையிட்டவன் அங்கே எந்தப் பேனாவையும் முறிக்கவில்லை, தானே முறிந்தான்.

சிலம்பின் களிமகனுக்கும் எமலிங்கத்துக்கும் உள்ள வேறுபாடு குடியின் இடத்தில் இருக்கிறது. அவன் குடித்திருந்ததால் கொல்ல முடிந்தது. இவன் கொன்றதால் குடிக்கிறான். முன்னவனின் கள் ஐயத்தைத் தடுத்தது. பின்னவனின் குடி, தடுக்க முடியாமல் போன அறிவை மூடப் பார்க்கிறது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கை நடுங்குவது அறவாதம் ஆகுமா? அறுவை மருத்துவரின் கையும் முதன்முறை நடுங்கும். பிணம் அறுப்பவர், எல்லையில் சுடுபவர் யாவருக்கும் உறக்கம் கெடலாம். அருவருப்பை அறமாக்கினால் உலகில் தேவையான பல தொழில்கள் நின்றுபோகும். மேலும் ஒருவன் மறுத்தால் இன்னொருவன் வருவான். 2020 மார்ச் 20 அன்று தில்லி திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டபோது அதற்குரியவர் மீரட்டிலிருந்து வரவழைக்கப்பட்டார். கயிறு பீகாரின் பக்சர் சிறையில் திரிக்கப்படுகிறது. கைதியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் நிரப்பிய மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதிக்கப்படுகிறது. ஓர் எமலிங்கத்தின் நோய் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுமா?

தடையின் இரண்டாம் பகுதிக்கு விடை இல்லை, நிறுத்தாது. படத்திலும் மீட்பு முயற்சி தோற்று, தூக்கு நிறைவேறுகிறது. முதற்பகுதிக்கு விடை உண்டு. எமலிங்கத்தைத் துன்புறுத்துவது குருதியைக் கண்ட நடுக்கம் அன்று, ஒரு செய்தி. தான் கொன்றவன் குற்றமற்றவன் என்ற செய்தி. அறுவை மருத்துவர் நோயாளியைத் தாமே ஆய்கிறார். பிழை நேர்ந்தால் அது அவர் அறிவின் பிழை. தூக்கிலிடுபவன் வழக்குக் கட்டைப் படிப்பதில்லை, சாட்சியைக் கேட்பதில்லை. தனக்கு மேலுள்ள அனைவரும் தம் கடமையைச் செய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றைக்கொண்டே அவன் விசையை இழுக்கிறான். அந்நம்பிக்கை ஒருமுறை உடைந்தபின் அடுத்து வருபவன் குற்றவாளியா என்று அவனால் அறிய இயலாது. கேட்கவும் அவனுக்கு உரிமை இல்லை. ஆகவே குற்றமற்றவனைக் கொல்ல மாட்டேன் என்று மட்டும் அவன் சொல்ல முடியாது. எவரையும் கொல்ல மாட்டேன் என்றே சொல்ல முடியும். அவன் மறுப்பு வருபவனின் தகுதியைப் பொறுத்ததன்று. பாலு புரட்சியாளன் என்பதால் அவன் மறுக்கத் தொடங்கவில்லை. பாலுவுக்குப் பதில் ஒரு கொடுங்கொலைகாரன் வந்திருந்தாலும் அவன் கை பின்வாங்கியிருக்கும். விலக்கில்லாத மறுப்பு இது. பெக்காரியாவும் சட்ட ஆணையமும் ரோபஸ்பியரும் எட்டாத இடம்.

குறளின் கொல்லாமை அதிகாரம் (33), கொலையைத் தொழிலாகக் கொண்டவர் இழிவறிந்தோர் நெஞ்சில் தாழ்ந்தவராகத் தோன்றுவர் என்கிறது (329). அது தூக்கிலிடுவோரை எண்ணிக் கூறியதன்று. ஆயினும் இக்குறளையும் 550ஐயும் பரிமேலழகர் வழியில் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு சமூக உண்மை வெளிப்படும். கொல்லப் பணிப்பவன் செங்கோலன், கொல்பவன் இழிந்தவன். அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இடையே உள்ள பிளவு ஓர் ஏழையின் உடலில் வந்து விழுகிறது. இத்தொழில் எக்காலத்தும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை எண்ணினால் இது இன்னும் தெளிவாகும்.

ஜனநாதனின் மார்க்சியம் பாலுவின் வசனங்களைவிட இங்குதான் ஆழமாகச் செயல்படுகிறது. ‘ஈ’ (2006), ‘பேராண்மை’ (2009), அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘லாபம்’ (2021) ஆகியவற்றில் கொள்கை பெரும்பாலும் நாயகனின் வாய்வழியே வகுப்பெடுக்கும். அது அவர் கலையின் குறை என்று சொல்வோர் உண்டு. அக்குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. இப்படத்தில் மட்டும், எமலிங்கம் எந்த வகுப்பும் எடுக்காமலேயே உழைப்பைப் பற்றிய ஒரு வினாவாகிறான். தன் உழைப்பின் விளைவை அறியும் உரிமை இல்லாத தொழிலாளி, அவ்விளைவு ஒரு பிணமாக இருக்கும்போது என்ன செய்வான்? வேலைநிறுத்தம் என்ற சொல் கொல்லும் தொழிலுக்கும் பொருந்துமா? குயிலி அவனைத் தேடி வருவது பாலுவை விடுவிக்க. அவனுடைய மறுப்பை ஒரு கொள்கையாக எடுத்துக்கொள்ள அன்று. புரட்சிக் குழுவின் திட்டத்திலும் அவன் ஒரு கருவியாகவே இடம்பெறுகிறான்.

2011இல் தமிழகத்தில் மூவர் தூக்குக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை இங்கு நினைக்கலாம். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். 30ஆம் நாள் சட்டமன்றம் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2014 பிப்ரவரி 18இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் தண்டனையை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது; பேரறிவாளன் 2022 மே 18இல் விடுதலையானார். அக்கிளர்ச்சியின் முழக்கங்களில் இரு வாதங்களும் கலந்தே ஒலித்தன: இவர்களைத் தூக்கிலிடாதே, எவரையும் தூக்கிலிடாதே. முதலாவதில் வேகம் மிகுதி. இரண்டாவது, முதலாவது வென்றபின் குரல் தாழ்ந்தது. 2020இல் தில்லியில் நால்வர் தூக்கிலிடப்பட்ட காலையில், 2011இல் தெருவில் நின்றவர்களுள் எத்தனை பேர் இரண்டாம் முழக்கத்தை நினைத்துக்கொண்டனர் என்பதை அளக்க வழியில்லை.

படம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வாய்ப்பைப் பெற்றிருந்தும் இறுதியில் பாலுவின் பக்கமே திரும்பிவிடுகிறது. இறுதிக்காட்சிகள் தூக்கு நிறைவேறும் முறையை நுணுக்கமாகக் காட்டுகின்றன. அவ்வகையில் 1959இன் கயத்தாற்று மரத்திலிருந்து தமிழ்த் திரை வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் அக்காட்சிகளின் உணர்ச்சி முழுவதும் தொங்குபவனின் வீரத்துக்குச் செல்கிறது. 2021 மார்ச் 14இல் ஜனநாதன் மறைந்தார். பாலுவின் தோழர்கள் ஒருநாள் ஆட்சிக்கு வந்தால் எமலிங்கத்தின் பணியிடம் நீக்கப்படுமா, அல்லது மெக்காலேயைத் தூக்கிலிட அவனுக்கே ஆள் அனுப்பப்படுமா என்ற வினாவைப் படத்தில் யாரும் பாலுவிடம் கேட்கவில்லை. கேட்கத் தகுதியுடையவன் எமலிங்கம். இருவரும் ஒரே மேடையில், ஒரு கை தொலைவில், பேச நேரமின்றி நிற்கின்றனர்.